விசிறி செய்ய ஒன்றரை டன், ஓட்ட ஆயிரம் டன்

கேள்வி, சுருக்கமாக: "கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து டர்பன் வந்து நான்கு வருடம் ஆகிறது. மாமனார் டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் ஆலைகளுக்கான காற்றோட்ட விசிறிகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கொழுந்தனார் பக்கத்து ஷெட்டில் மின்பேனல் பூட்டுகிறார். நெதர்லாந்தில் எங்களிடம் விசிறி வாங்குபவர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு மாடலுக்கும் கார்பன் கணக்கு, அதாவது அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு வேண்டுமாம், 2030-க்குள் எவ்வளவு குறைப்போம் என்றும் எழுத வேண்டுமாம். கூரையில் 60 கிலோவாட் சோலார் போட்டால் முடிந்தது என்கிறார் மாமனார். மாதம் சுமார் 20,000 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஆண்டுக்கு 300 டன் சரக்கு வெளியே போகிறது. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

சோலார் போடுங்கள். மாமனார் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ செய்ய வேண்டிய வேலை. முதல் வேலை கணக்கு. ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பார்கள். இங்கே நாம் காற்றில் கொட்டுகிறோம், ஆனால் அளந்து பார்த்த பட்டறை பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நான் கோவையில் மோட்டார் பம்ப் தொழிலில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். டர்பனைச் சுற்றியுள்ள ஆலைகளில் மின்செலவைக் கணக்கெடுப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. உங்களைப் போன்ற பட்டறைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. உங்கள் பில் டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சியிலிருந்து வந்தாலும், கம்பியில் வருவது பெரும்பாலும் முமலாங்கா மாகாணத்துப் பக்கம் அரசு மின் நிறுவனமான எஸ்காம் எரிக்கும் நிலக்கரிதான். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கீழே. அணுமின்சாரம் அதிகமுள்ள பிரான்ஸில் நூறு கிராம்கூட இல்லை. அதாவது பைன்டவுனில் நீங்கள் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட்டுக்கு, உலகத்தில் வேறு பல ஊர்களில் மிச்சப்படுத்தும் யூனிட்டைவிட மதிப்பு அதிகம். கணக்குப் போடவும் எளிது. மாதம் 20,000 யூனிட் என்றால் ஆண்டுக்கு 2,40,000 யூனிட், அதாவது ஏறக்குறைய 240 டன்.

சரி, இப்போது ஒரே ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். 11 கிலோவாட் மோட்டார் பூட்டிய, நடுத்தர அளவு மையவிலக்கு விசிறி. மொத்த எடை 340 கிலோ. அதில் மோட்டார் 90, மீதி 250 இரும்பு. இரும்பு 250 கிலோதான் என்றாலும் நீங்கள் வாங்கியது அவ்வளவு இல்லை. வட்டம் வட்டமாக வெட்டுகிற வேலை, தகட்டில் நாலில் ஒரு பங்கு ஸ்கிராப்பாகப் போகும். ஆகவே வாங்கியது 330 கிலோ. ஊதுலையில் உருக்கிய இரும்பு என்றால் ஒரு கிலோவுக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு. இதிலேயே 760 கிலோ ஆகிவிட்டது. வார்ப்பிரும்பு, மின்தகடு, செம்பு எல்லாம் சேர்ந்த மோட்டாருக்கு 300 கிலோ போடுங்கள். பட்டறையின் மின்சாரத்தை எடைக்கு எடை பங்கிட்டால், 2,40,000 யூனிட்டை 3,00,000 கிலோவால் வகுக்க, கிலோவுக்கு 0.8 யூனிட். 340 கிலோ விசிறிக்கு 270 சொச்சம். பவுடர், கேஸ், பேக்கிங் மரம் எல்லாவற்றுக்கும் ஒரு 50, 60. கூட்டினால் 1,400 கிலோ, ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வாடிக்கையாளர் கேட்கிற எண் பெரும்பாலும் இதுதான். தாது தோண்டும் இடத்தில் ஆரம்பித்து உங்கள் பட்டறை வாசல் வரைக்குமான கணக்கு.

இதே விசிறி ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஆலையில் இது சாதாரணம். தண்டுக்கு 10 கிலோவாட் போகிறது, மோட்டாரின் திறன் 91.4 சதவீதம், கம்பியிலிருந்து இழுப்பது 10.9 கிலோவாட். ஆண்டுக்கு 65,000 யூனிட்டுக்கு மேல். பதினைந்து வருடம் ஓடினால் பத்து லட்சம் யூனிட்டைத் தொடும். தென்னாப்பிரிக்காவில் ஓடினால் அது ஏறத்தாழ 1,000 டன். நெதர்லாந்தில் யூனிட்டுக்குக் கால் கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 250 டன்.

ஒன்றரை டன், ஆயிரம் டன். யானையை வாங்குவது பெரிய காரியமில்லை, கட்டித் தீனி போடுவதுதான் காரியம் என்பார்கள். நாம் செய்கிற விசிறி, பம்ப், கம்ப்ரசர் எல்லாமே அந்த யானை ஜாதி. இந்த இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி மாமனாரின் மேஜையில் வையுங்கள். பசுமை உற்பத்தி என்றதும் எல்லோரும் பட்டறையின் கூரையைத்தான் பார்க்கிறார்கள். விசிறியின் கார்பன் பெரும்பாலும் வரைபடப் பலகையில், இம்பெல்லரின் (உள்ளே சுழலும் சக்கரத்தின்) இறக்கை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று முடிவெடுக்கும் அந்த அரை மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

அதனால் இறக்கையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மாடல்களில் எத்தனை இன்னும் நேரான தட்டை இறக்கை, எத்தனை முன்வளைந்த இறக்கை என்று எண்ணிப் பாருங்கள். தூசியும் துணுக்கும் இழுக்கிற இடத்துக்கு நேர் இறக்கை வேண்டும், அதை மாற்ற முடியாது. சுத்தமான காற்றுக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் அது வெறும் பழக்கம். பின்வளைந்த இறக்கைக்கு, அதுவும் விமான இறக்கைபோல் தடிப்பு கொடுத்த இறக்கைக்கு மாறினால் விசிறியின் திறன் 60 சதவீதத்திலிருந்து 70-க்குப் போவது பெரிய சாதனையே இல்லை. மேலே சொன்ன விசிறியில் இந்தப் பத்துப் புள்ளி ஏறினால் தண்டுக்கு 10 கிலோவாட்டுக்குப் பதில் 8.6 கிலோவாட் போதும். ஆண்டுக்கு 9,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இங்கே விற்கிற விசிறி என்றால் 9 டன்.

இப்போது சோலாருக்கு வருவோம். டர்பன் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். 60 கிலோவாட்டுக்கு 87,000 என்று வைத்தால் 87 டன். அப்படிப்பட்ட விசிறிகளில் பத்தை மட்டும் திருத்தி விற்றாலே உங்கள் கூரை முழுவதும் தருகிற பலன் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு பத்து, அதற்கடுத்த ஆண்டு இன்னொரு பத்து. கூரை ஒன்றுதான், விசிறி எத்தனையோ.

இம்பெல்லருக்கும் உறிஞ்சு வாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் என்று இருக்கும், பூட்டியதில் 8 இருக்கும். உள்ளே போன காற்று அந்த இடுக்கு வழியாகத் திரும்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும், மோட்டார் அதற்கும் சேர்த்து உழைக்கும். வாய்க்கூம்பைச் சரியாகச் சுழற்றி வளைத்து, மையம் பார்த்துப் பூட்டுகிற ஒரு நல்ல ஃபிட்டர், ஆண்டு முழுவதும் மிச்சப்படுத்துகிற மின்சாரம் அவருக்கே தெரியாது. கோவையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் கூம்புக்கும் இம்பெல்லருக்கும் நடுவே ஒரு தகட்டுத் துண்டை விட்டு, ஒரு சுற்று முழுக்கக் கையாலேயே உருட்டிப் பார்ப்பார். ஒரே இடத்தில் தட்டினாலும் கழற்று என்பார். அந்தத் தகட்டுத் துண்டை உங்கள் பட்டறையிலும் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் மோட்டார். ஐஈ என்பது மோட்டார் திறனுக்கான சர்வதேச வகுப்பு, எண் ஏற ஏறத் திறன் அதிகம். 11 கிலோவாட், நான்கு துருவ மோட்டாருக்கு ஐஈ1 வகையில் திறன் 87.6 சதவீதம், ஐஈ3-இல் 91.4, ஐஈ4-இல் 93.3. பார்க்கச் சின்ன வித்தியாசம். முக்கால் சுமையில் 6,000 மணி நேரம் ஓடினால் ஐஈ1-க்கும் ஐஈ3-க்கும் இடையே ஆண்டுக்கு 2,300 யூனிட். மோட்டாரைச் செய்ய ஆன 300 கிலோ கார்பன் இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து முக்கால் கிலோவாட்டுக்கு மேற்பட்ட மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு ஐஈ3 கட்டாயம், 2023 ஜூலையிலிருந்து 75 முதல் 200 கிலோவாட் வரையிலான பெரும்பாலான மோட்டார்களுக்கு ஐஈ4. தென்னாப்பிரிக்காவிலும் 2025-இல் ஐஈ3 கட்டாயமாகிவிட்டது. ஆகவே கிடங்கில் பழைய ஐஈ1 இருந்தால் அதை விலை குறைத்து யார் தலையிலாவது கட்டிவிட வேண்டாம்.

இன்னும் முக்கியமானது ஒன்று. உங்கள் ஏற்றுமதிக்கு நேரடியாகப் பொருந்துகிற ஐரோப்பிய விசிறி விதி புதிதாகிவிட்டது. 2011-இல் வந்த 327 என்ற எண் கொண்ட விதியின் இடத்தில் 2024/1834 வந்திருக்கிறது, 2026 ஜூலை 24 முதல் நடைமுறை. 125 வாட்டிலிருந்து 500 கிலோவாட் வரையிலான விசிறிகளுக்குக் குறைந்தபட்சத் திறன் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி அது. கார்பன் படிவத்தில் நல்ல எண் எழுதியிருந்து, இந்தத் திறன் வரம்பைத் தாண்டாவிட்டால் சரக்கை அங்கே விற்கவே முடியாது. அதனால் இறக்கை வேலையை முதலில் செய்யச் சொல்கிறேன், ஒரே கல்லில் இரண்டு காய்.

வேகம் மாற்றும் டிரைவ் பற்றி எல்லோரும் பேசுவார்கள், காரணம் இருக்கிறது. விசிறியில் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மின்திறன் ஏறி இறங்கும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்று அதிகம் என்று டாம்பரை (காற்றுப் பாதையின் தடுப்புத் தகட்டை) பாதி மூடி ஓட்டுவது, ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பதுபோல. ஆனால் எல்லா இடத்துக்கும் டிரைவ் வேண்டாம். எப்போதும் ஒரே காற்று தேவைப்படுகிற இடத்தில் டிரைவ் தன் பங்குக்கு மூன்று நான்கு சதவீதத்தை விழுங்கிவிடும். அங்கே சரியான புல்லியைப் போட்டால் போதும். பெல்ட்டும் அப்படித்தான். தொய்ந்த வி-பெல்ட் இரண்டு மூன்று சதவீதத்தைச் சத்தமில்லாமல் தின்னும். பல் வெட்டிய பெல்ட்டுக்கு மாறுவது மலிவான வேலை, நேரடியாக மோட்டார் தண்டிலேயே இம்பெல்லரைப் பூட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

மோட்டார் சைஸையும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பேசுங்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு படி பெரிய மோட்டார் வைத்துக்கொள்கிற ஆசை. 15 கிலோவாட் மோட்டாரை 6 கிலோவாட் வேலைக்கு வைத்தால் அது அரை வயிற்றுக்கு உழைக்கும், பவர் ஃபேக்டரும் இறங்கும். பவர் ஃபேக்டர் என்றதும் இன்னொன்று. கெப்பாசிட்டர் பேங்க் விற்பவர்கள் கார்பன் இருபது சதவீதம் குறையும் என்று வந்து நிற்பார்கள். கெப்பாசிட்டர் போட்டால் பில்லில் கேவிஏ கட்டணம் குறையும், அது உண்மை, போடுங்கள். யூனிட் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதைக் கார்பன் குறைப்பு என்று படிவத்தில் எழுதாதீர்கள்.

இனி பட்டறைக்குள் வருவோம். உங்கள் வீட்டுக்குள் நீங்களே செய்யக்கூடிய வேலைகளில் கருவிகளுக்குப் போகும் அழுத்தக் காற்றின் கசிவுதான் எனக்கு முதலில் கண்ணில் படும், சொல்லப்போனால் காதில் விழும்.

ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு தகட்டு வேலைப் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். யாரும் இல்லை, விளக்குகூட எரியவில்லை. ஓரத்தில் 37 கிலோவாட் கம்ப்ரசர் மட்டும் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை யாரும் அணைக்கவில்லை. காவலாளியிடம் கேட்டேன், எப்போதும் அப்படித்தான் என்றார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு நிமிடம் சுமையில் ஓடும், இரண்டு நிமிடம் சும்மா ஓடும், மறுபடி ஒரு நிமிடம். மூன்றில் ஒரு பங்கு. வேலையே நடக்காத நாளில் அது அடைக்கிற காற்று முழுவதும் ஓட்டை வழியாகத்தான் போகிறது. பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாய் நெடுகப் போனோம். விரைவு கப்ளிங்குகளில் எல்லாம் நுரை. ஹோஸ் கிளிப் தளர்ந்த இடத்தில் நுரை. தண்ணீர் வடிகட்டும் தானியங்கி வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டு சீறிக்கொண்டிருந்தது. வார நாட்களின் இரைச்சலில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆண்டு முழுவதும் இப்படியே விட்டால் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல், அதாவது 100 டன். உங்கள் மாமனாரின் 60 கிலோவாட் சோலாரைவிட அதிகம். அன்று செலவு ஒரு வால்வும் ஒரு பை நிறைய கப்ளிங்கும்தான்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். விடுமுறை நாளில் எந்தக் கருவியும் காற்று எடுக்காதபோது கம்ப்ரசரை ஓடவிடுங்கள். சுமையில் ஓடும் நொடிகளை, சுமை, சும்மா இரண்டையும் கூட்டிய நொடிகளால் வகுத்தால் கசிவின் பங்கு வரும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பராமரிப்பு. முப்பதுக்கு மேல் இருந்தால் அதே வாரம் வேலையைத் தொடங்குங்கள். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 4 கிலோவாட்டைத் தின்னும். ஒரு தீக்குச்சித் தலையின் அளவுதான் அந்த ஓட்டை. அழுத்தத்தையும் பாருங்கள். யாரோ எப்போதோ 8.5 பாரில் வைத்திருப்பார்கள், உங்கள் கருவிகளுக்கு 6.5 போதும். ஒவ்வொரு பார் குறைப்புக்கும் ஏழு சதவீதம் வரை மிச்சம். காற்றுத் துப்பாக்கியால் தரையைக் கூட்டுவதையும் சட்டைத் தூசி தட்டுவதையும் நிறுத்துங்கள். மின்சாரத்தில் போட்டதில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் காற்றாகத் திரும்பி வரும், அதைத் துடைப்பமாக்குவது பாவம்.

பவுடர் கோட்டிங் ஓவன் அடுத்தது. 180, 200 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு நான்கு சாமானைத் தொங்கவிட்டுக் கதவை மூடினால் சூடானது பெரும்பாலும் ஓவனின் சுவர்தான். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து வைத்து, நிறைத்துச் சுடுங்கள். கதவு ரப்பர் கருகியிருந்தால் மாற்றுங்கள். 150, 160 டிகிரியில் வேகும் பவுடர்களும் கிடைக்கின்றன, சப்ளையரிடம் கேளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷின்கள் இருந்தால் அவை வெல்ட் செய்யாமல் நிற்கும்போதும் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் வகைக்கு மாறினால் அது போய்விடும். இவையெல்லாம் நல்ல வேலைகள், ஆனால் சின்ன வேலைகள். இவற்றில் ஆறு மாதம் செலவழிக்க வேண்டாம்.

பெரிய பங்கு தகட்டில் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். 1,400 கிலோவில் 760 அதுதான். வெட்டுக் கழிவை 25 சதவீதத்திலிருந்து 15-க்குக் கொண்டுவந்தால் விசிறிக்கு 36 கிலோ தகடு மிச்சம், 80 கிலோ கார்பன் மிச்சம், தகட்டு விலையும் மிச்சம். ஒரு விசிறியின் பக்கத் தகட்டில் வெட்டி எடுக்கிற வட்டத்துக்குள் இன்னொரு விசிறியின் தட்டு, அதற்குள் ஒரு ஃபிளேஞ்ச் என்று அடுக்கி வெட்டும் மென்பொருள் இன்று லேசர் மெஷினோடே வருகிறது. ஆர்டர் வந்த வரிசையிலேயே வெட்டாமல் ஒரே தடிமன் தகடுகளை இரண்டு மூன்று நாள் சேர்த்து வெட்டினால்தான் அதன் பலன் தெரியும்.

இரும்பு எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியது ஊதுலை இரும்பைவிட மிகக் குறைந்த கார்பன் உடையது. நம் நிலக்கரி மின்சாரத்தில் அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும், ஆனாலும் பாதிக்கும் கீழேதான் இருக்கும். தகடு வகையில் அது கிடைப்பது சிரமம், ஆங்கிள், சேனல், கம்பி வகையில் எளிது. அடிச்சட்டத்துக்கு அதையே வாங்கலாமே. அலுமினிய இம்பெல்லர் செய்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம். ஒரு டன் அலுமினியம் உருக்கிப் பிரிக்க 14,000 யூனிட் போல மின்சாரம் வேண்டும். ரிச்சர்ட்ஸ் பேயில் உள்ள உருக்காலை நம் நிலக்கரி மின்சாரத்தில்தான் ஓடுகிறது, மின்சாரக் கணக்கில் மட்டும் டன்னுக்கு 14 டன். அதே அலுமினியத்தை ஸ்கிராப்பிலிருந்து உருக்கினால் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். இம்பெல்லர் வார்ப்புக்கு மறுசுழற்சி அலுமினியம் தாராளமாகப் போதும்.

ஏற்றுமதியில் ஒரு பொறி இருக்கிறது. டர்பன் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாம் சுமார் 13,000 கிலோமீட்டர். கப்பலில் போனால் உங்கள் 340 கிலோ விசிறிக்கு ஐம்பது கிலோ சொச்சம்தான் கார்பன். அவசரம், உற்பத்தி தாமதம் என்று அதே விசிறியை விமானத்தில் ஏற்றினால் ஒன்றரை டன்னுக்கு மேல். செய்ய ஆனதைவிட அனுப்ப ஆனது அதிகம். ஆண்டு முழுவதும் கசிவு அடைத்துச் சேர்த்ததை ஒரு மாதத் தாமதம் தின்றுவிடும். ஆகவே உற்பத்தித் திட்டத்தைச் சரியாக வைப்பதும் கார்பன் வேலைதான்.

கொழுந்தனாருக்கு ஒரு செய்தி. அவர் 11 கேவி பேனல், ரிங் மெயின் யூனிட் (தெருவோர மின்விநியோக சுவிட்ச் பெட்டி) பூட்டுகிறார் என்றால், அவற்றுக்குள் எஸ்எஃப்6 என்ற மின்காப்பு வாயு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்பொறியை அணைப்பதில் அதற்கு இணையில்லை, அதனால்தான் பல பத்தாண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் அது 23 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு முறை காற்றில் கலந்தால் நம் பேரன் பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். ஐரோப்பா 2026 ஜனவரி 1 முதல் 24 கேவி வரையிலான புதிய சுவிட்ச்கியரில் இதைத் தடை செய்துவிட்டது. வெற்றிடப் பிரேக்கரும் உலர்காற்றுக் காப்பும் உள்ள மாதிரிகள் சந்தையில் இருக்கின்றன. இனி புதிதாக எடுப்பதை அப்படியே எடுக்கட்டும். பழைய யூனிட்டைக் கழற்றும்போது வால்வைத் திறந்துவிட்டுப் போவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் வண்டி வைத்திருப்பவர்களை வரச் சொல்ல வேண்டும். வால்வைத் திறந்து ஒரு கிலோவை வெளியே விடுகிற அந்த ஒரு மதியச் செயல், ஒரு வருடச் சோலாரில் கால் பங்கை அழித்துவிடும். குறைந்த மின்னழுத்தப் பேனல்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே செம்புப் பட்டையை ஒரு அளவு தடிமனாகப் போட்டால் சூடு குறையும், இழப்பும் குறையும். நாள் முழுக்கச் சுமை இருக்கிற பேனலில் அந்தக் கூடுதல் செம்பின் கார்பன் சீக்கிரமே திரும்பிவிடும்.

வரிகளைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் தெரிந்திருங்கள். தென்னாப்பிரிக்காவின் கார்பன் வரி 2019 ஜூன் 1-இல் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கியது, 2025-இல் 236, சட்டத்தில் எழுதியபடி 2030-இல் 462. உங்கள் அளவுப் பட்டறைக்கு அது நேரடியாக வராது, வாங்குகிற இரும்பின் விலை வழியாக வரும். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. போல்ட், நட்டு போன்ற சில இரும்புச் சாமான்களும் அதில் உண்டு. விசிறி இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம், இரும்பும் அலுமினியமும் அதிகமுள்ள இயந்திரச் சாமான்கள் பலவற்றுக்கும் 2028 முதல் இதை நீட்டிக்க முன்மொழிந்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் இப்போதே படிவம் அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் நாட்டின் தேசியத் தூய்மை உற்பத்தி மையம் இருக்கிறது. 2002-இல் தொடங்கியது, தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். கீழ் இயங்குகிறது, டர்பனிலும் ஆட்கள் உண்டு. உங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். கன்சல்டன்ட்டுக்குப் பெரிய தொகை கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். படிவத்துக்கான முறை ஐஎஸ்ஓ 14067. முதல் ஆண்டே சான்றிதழ் வாங்க வேண்டிய அவசியமில்லை. எதை அளந்தோம், எதை ஊகித்தோம் என்று தனித்தனியாக எழுதினாலே நேர்மையான வாடிக்கையாளர் மதிப்பார். மரம் நட்டு ஈடுகட்டினோம் என்று கார்பன் ஈட்டுப் பத்திரம் வாங்கி எண்ணைப் பூஜ்ஜியமாக்கிக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கசிவை அடைக்காமல் பத்திரம் வாங்குவது ஓட்டைப் பானைக்குக் கோலம் போடுவது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். நான் தெற்கு டர்பனில், மியர்பேங்கில் குடியிருக்கிறேன். கரும்புக் காட்டுக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய வாழ்கிற இடம், சுற்றிலும் ஆலைகள். இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக் குழந்தைகளுக்கு மேல் ஆஸ்துமா அறிகுறி இருந்தது. அது கந்தகப் புகையின் கதை, கார்பனுடையது அல்ல, ஆனால் இரண்டும் ஒரே புகைபோக்கியில்தான் வருகின்றன. பிறகு 2022 ஏப்ரல் 11, 12. ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை, டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிராஸ்பெக்டனில் டொயோட்டா கார் ஆலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி பல மாதம் நின்றது. பூமி சூடானதால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு இரு மடங்காகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் வாளியோடு வரிசையில் நின்று தண்ணீர் லாரியிலிருந்து பிடித்தோம். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, தன் வயதில் இப்படி ஒரு மழை பார்த்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் 2030 கட்டத்துக்கு இப்படி எழுதலாம். பட்டறை மின்சாரம் கிலோ சரக்குக்கு 0.8 யூனிட்டிலிருந்து 0.6. சோலார் அதற்கு மேல் தனியாக. தகட்டுக் கழிவு 25-லிருந்து 15. சுத்தக் காற்று மாடல்கள் எல்லாம் பின்வளைந்த இறக்கை, ஐஈ4 மோட்டார். அவசரத்துக்கும் விமானம் இல்லை. நான்கும் நீங்கள் அளந்து காட்டக்கூடியவை. சோலார் கணக்கைக் கசிவு அடைத்த பிறகு போடுங்கள், அப்போது எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதே மாறியிருக்கும்.

டிசம்பர் 16-க்கு அப்புறம் பட்டறையை மூன்று வாரம் மூடுவீர்கள் அல்லவா. மூடுகிற அன்று மாலை மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் திறக்கிற அன்று காலை, யாரும் சுவிட்ச் போடுவதற்கு முன் மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஓடிய யூனிட் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எந்த மெஷினைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.